குருவம்மாவின் காதுப் படலம்

குருவம்மாவுக்குக் காது கேட்காமல் போய்ப் பல வருஷம். மருத்துவமனையிலிருந்து வந்த பெனசீர், ஒரு சிலிக்கான் வில்லையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அவள் கணவர் சீனியப்பனிடம் கொடுத்தாள்.

“இதுமேல மின்சாரம் கடத்துற படலம் ஒண்ணு வளரும்யா. கேக்குற குரலுக்குத் தகுந்தாப்ல படியும். தினமும் பக்கத்துல உக்காந்து பேசுங்க. அப்புறம் அம்மா காதுல வச்சிரலாம்.”

சீனியப்பன் தினமும் உட்கார்ந்தார். பெட்டிக்குள் ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை. வெறும் பெட்டியிடம் கொஞ்சிப் பேச அவருக்குக் கூச்சமாக இருந்தது. “எங்கடா வளர்ற? யாரை ஏமாத்தப் பாக்குற?” என்று மாதம் முழுக்க அதைத் திட்டித் தீர்த்தார்.

பெனசீர் வந்து வில்லையைப் பொருத்திய அன்று, “குருவம்மா, கேக்குதா?” என்று தணிந்த குரலில் கேட்டார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். அடுத்த நொடியே அவருக்குக் கோபம் பொங்கியது.

“நான் அப்பவே சொன்னேன்ல? கண்ணுல காட்டாத பொருளை எவன் நம்புவான்! களவாணிப் பயலுக!”

குருவம்மா வெடுக்கென்று நிமிர்ந்தாள். “எதுக்கு இப்படிக் கத்துறீக? அந்தப் பிள்ளை பயந்துறப் போகுது.”

பெனசீருக்குப் புரிந்துவிட்டது. “பெட்டியத் திட்டினீங்களாய்யா? படலம் உங்க திட்டுக்குத்தான் படிஞ்சிருக்கு. இதைக் கழட்டிட்டு வேற வளக்கலாம்” என்று கையை நீட்டினாள்.

குருவம்மா காதைப் பொத்திக்கொண்டாள். “தொடாத தாயி. இவரு வாயில முக்காவாசி இதுதான் வரும். மிச்சத்த நான் உதட்டப் பாத்தே தெரிஞ்சுக்குவேன்.”

சீனியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “கிறுக்கி” என்றார்.

“கேக்குது” என்றாள் அவள்.