கரையில் ஐந்து பேர்

“எங்க மாமாவுக்கு இன்னிக்குப் பிறந்த நாள். என்னிக்கும் மறக்காத மாதிரி ஒண்ணு குடுக்கணும்” என்றான் மருமகன். சொல்லும்போதே குரல் தழுதழுத்தது.

ஏலக்கூடத்துக் குமாஸ்தா படத்தை மூடியிருந்த துணியை விலக்கினார். யாரோ ஒரு பிரெஞ்சுக்காரர் நூற்றிருபது வருடங்களுக்கு முன் வரைந்த எண்ணெய் ஓவியம். கறுத்த கடல், ஆளில்லாத படகு, கரையில் முதுகைக் காட்டி நிற்கும் ஐந்து பேர்.

“சார், விஷயத்தை முன்னாடியே சொல்லிடறது எங்க வழக்கம். இதை வெச்சிருந்தவங்க யாரும் ஒரு வருஷம் தாண்டினதில்ல. எல்லாருக்கும் தண்ணியிலதான் கண்டம்.”

“கடல்லயா?”

“கடல் பக்கமே போகல சார். டாக்டர் ஒருத்தர், குளியல் தொட்டியில. கான்ட்ராக்டர் ஒருத்தர், கணுக்கால் அளவு மழைத் தண்ணியில. ஒரு டீச்சரம்மா, அரை டம்ளர் தண்ணி புரையேறி. மத்த ரெண்டு பேர் கதை சாப்பிடற நேரத்துல சொல்ற மாதிரி இல்ல.”

இந்த இடத்தில் மற்றவர்கள் நாற்காலியைப் பின்னுக்கு இழுப்பார்கள். மருமகன் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டான்.

மாமனாருக்கு மூன்று மாடி வீடு, ஒரே மகள். நூறு வயசு இருக்கணும் என்று ஊரே வாழ்த்தியது. அது பலித்துத் தொலைக்குமோ என்ற கவலை மருமகனுக்கு மட்டும். மூட்டுக்கு ஆகாது என்று ஒரு வருடமாகக் குளிக்காமல் ஈரத்துணியால் துடைத்துக்கொள்கிறாரே தவிர, எழுபத்தொரு வயசில் மனிதருக்கு ஒரு தும்மல்கூடக் கிடையாது. இன்று காலை காப்பிக் கோப்பைக்கு அடியில் மடித்திருந்த பேப்பரில் இந்தப் படத்தின் கதை கண்ணில் பட்டதும், மருமகன் காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பி வந்திருந்தான்.

“இப்போ விக்கிறவர் இருக்காரா?”

“இருக்கார் சார். வெள்ளிக்கிழமையோட அவருக்கு வருஷம் முடியுது, அதான் அவசரம். அதுக்குள்ள கைமாத்திட்டா தப்பிச்சார். மூணு ஏலம் போட்டாச்சு, ஒருத்தரும் கை தூக்கல.”

“வீட்டுல மாட்டாம விட்டா?”

“அவரும் மாட்டலையே. வாங்கின அன்னிக்கே கதை தெரிஞ்சு, எங்க கிடங்குலயே விட்டுட்டுப் போயிட்டார். சுவர் முக்கியமில்ல சார், பேர்தான் முக்கியம்.”

குமாஸ்தா படத்தைத் திருப்பினார். பின்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தது. யாருக்குச் சொந்தமோ அவர் பெயரை அழியாத ஊதாப் பென்சிலில் எழுதி, கையெழுத்தும் வாங்குவது அந்தக் கூடத்து நடைமுறை. ஐந்து பெயர்கள் அடிக்கப்பட்டிருந்தன. ஆறாவதன் மேல் பழுப்புக் காகிதம் ஒட்டியிருந்தது; பெயரை மறைக்கச் சொல்லி விற்கிறவர் கேட்டுக்கொண்டாராம்.

“எங்க மாமா பேரையே எழுதிடுங்களேன்.”

“ஏலம் எடுக்கிறவர் பேர்தான் எழுதுவோம். வீட்டுக்குப் போய் உங்க பேருக்குக் கீழ அவரைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்க. அப்புறம் அது அவரோடது.”

பிறகு குமாஸ்தா சுவரில் மாட்டியிருந்த ஏல விதிகளை வரிசையாகப் படித்தார். தூக்கிய கையை இறக்கக் கூடாது. எடுத்த பொருளைத் திருப்பித் தரக் கூடாது. விற்றவர் தானாகவோ, வேறு ஆள் மூலமாகவோ திரும்ப வாங்கக் கூடாது. மருமகன் கொட்டாவி விட்டபடி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். கரையில் ஆறாவதாக ஓர் ஆள் நிற்க இடம் இருந்தது.

ஏலத்தில் ஒரே ஒரு கைதான் உயர்ந்தது. சுத்தியல் விழுந்தது. கையெழுத்துப் போடும்போது மருமகனுக்குத் தொண்டை வறண்டது. குமாஸ்தா தண்ணீர் நீட்டினார். அவசரமாக வேண்டாம் என்று தலையாட்டினான்.

வெளியே தூறல். தெருவில் தேங்கிக் கிடந்த தண்ணீரையெல்லாம் சுற்றிச் சுற்றி நடந்து, படத்தோடு வீடு வந்து சேர்ந்தான்.

“எனக்கா மாப்பிள்ளை? எதுக்கு இவ்வளவு சிரமம்!” என்று மாமனார் கூடத்துக்கு வந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, முன்பக்கத்தைப் பார்க்காமலே படத்தைத் திருப்பினார். ஊதா எழுத்தில் மருமகன் பெயரைக் கண்டதும் நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

“அம்மாடி, வெந்நீர் போடு. குளிக்கணும்” என்று மகளுக்குக் குரல் கொடுத்தார்.

“முதல்ல இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க மாமா.” மருமகன் பென்சிலை நீட்டினான்.

மாமனார் பென்சிலை வாங்கவில்லை. கட்டைவிரல் நகத்தால் அந்தப் பழுப்புக் காகிதத்தைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்தார்.

“வித்தவன் திரும்ப வாங்கக் கூடாதாமே, மாப்பிள்ளை!”