மருந்து கிடைக்காத நாற்று

பல்கலைக்கழகத்துக் கண்ணாடிக் கூடத்தில் இரண்டு நெல் நாற்றுகள் ஒரே உப்புத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தன. சின்னதுக்கு மட்டும் மருந்து கிடைத்தது. பெரியது வாடிக்கொண்டே வந்தது.

"உன்னைக் கண்டாலே அவங்களுக்குப் பிடிக்கல போல!" என்று பீற்றிக்கொண்டது சின்னது.

பெரியதுக்கு அழுகை முட்டியது. "நான் என்னடி தப்பு செஞ்சேன்?"

சுவரில் இருந்த பல்லி செருமிக்கொண்டு, அச்சு அசலாகப் பேராசிரியர் குரலில் பேசியது: "இது வாடினாத்தாம்ப்பா, அது மருந்தால பிழைச்சுதுன்னு ஊர் நம்பும். கடலோர வயலுக்கெல்லாம் இதுதான் சாட்சி!"

சின்னது மெல்லச் சாய்ந்து, பெரியதுக்குத் தன் இலையால் நிழல் கொடுத்தது.

"பல்லி வாக்கு பலிக்குமாடி? அந்த உப்பு மண்ணுல நெல் விளையுமா?" என்று கேட்டது பெரியது.

"விளையும். உன் பேரைச் சொல்லித்தான் விளைவேன்."

"எனக்கு ஏதுடி பேரு?"

"பேரு என்ன பெரிய பேரு! அக்கான்னு சொல்லிட்டுப் போறேன்."