நகர மண்டபத்தில் ஒரு விரிசல்

கோர்ட்டு, கல்லூரி, ரயில் நிலையம் என்று ஊர் ஊராகக் கட்டிக்கொண்டிருந்த கட்டடக் கலைஞர் வேதாசலம், பார்வை போன பிறகுதான் வீடு தங்கினார். ஒருநாள், தான் எழுப்பிய நகர மண்டபத்துக்கு அழைத்துப்போகும்படி மனைவி கனகவல்லியைக் கேட்டார். உள்ளே நுழைந்ததும் அவள் கையை விட்டுவிட்டு, ஒரு தூணில் கன்னத்தைச் சாய்த்து, அதை மெல்ல மெல்லத் தடவினார். அந்த விரல்கள் அவள் முகத்தில் ஒருநாளும் அப்படி நின்றதில்லை. அவளுக்கு வயிறு எரிந்தது.

"கனகு, எங்கயாவது விரிசல் தெரியுதா?"

சுவரில் மயிரிழைக் கீறல்கூட இல்லை.

"ஆமாங்க. மேலேருந்து கீழ வரைக்கும் ஓடுது."

அவர் கை தூணைவிட்டு நழுவியது. தடுமாறி அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.

"போயிடலாம்," என்றார்.

வாசலில் குதிரை வண்டி காத்திருந்தது. அவள் அதைப் போகச் சொல்லிவிட்டு, அவரை அணைத்தபடி நடந்தே கூட்டிப்போனாள்.