வெட்டுவான் கோயிலுக்கு முதுகு காட்டியவள்

சாலோமி சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு கழுகுமலைப் பாறைமேல் ஏறுகிறாள். ஏறுகிறாள் என்ன, ஓடுகிறாள். கோயிலைப் பார்த்தே ஆகவேண்டும் என்று அரித்தெடுத்தவள் அவள்தான். பாளையங்கோட்டையிலிருந்து மாட்டுவண்டியில் குலுங்கி வந்த அலுப்பெல்லாம் எங்கே போயிற்றோ! பின்னால் அவள் புருஷன் எலியேசர் வாத்தியார் குடையை ஊன்றி மூச்சு வாங்குகிறார். "பைய போளா. ஆயிரம் வருசமா கெடக்குத கோயிலு, இன்னைக்கு எந்திரிச்சா ஓடப்போவுது?" "கோயிலு ஓடாது, வெளிச்சம் ஓடிரும்லா! சட்டுனு வாங்க."

மேற்கே சூரியன் பனங்காட்டின் தலையைத் தொடுகிறது. பாறை இன்னும் சுடுகிறது. மலையையே மேலிருந்து கீழாகக் குடைந்து செதுக்கிய வெட்டுவான் கோயில், மஞ்சள் வெயிலில் நேற்றுத்தான் உளி பட்டதுபோல் நிற்கிறது. வாத்தியார் வாயைப் பிளக்கிறார். "சாலோமி, கல்லுல அந்தப் பூதம் சிரிக்குத சிரிப்பப் பாத்தியா?" திரும்பினால், அவள் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாறை விளிம்பில் நிற்கிறாள். கீழே ஊர். ஒரு வீட்டுப் புறவாசலில் தலை நரைத்த பெண்ணொருத்தி மிளகாய் வற்றலை முறத்தில் அள்ளுகிறாள். நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறாள். சாலோமியின் கையும் தானாக இடுப்புக்குப் போகிறது. "ஆருளா அது?" "எங்க அம்மை." வாத்தியார் கீழே பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். மிஷன் போர்டிங்கில் வளர்ந்த அநாதை என்று சொல்லித்தானே கட்டிவைத்தார்கள்! அவள் கண்ணை எடுக்கவில்லை. "அந்த வாசல்ல நான் ஏற முடியாது. வேதத்துல சேந்து ஞானஸ்நானம் வாங்குன அன்னைக்கே, மக செத்துட்டான்னு தலைமுழுகிட்டா."