நான்காவது கொத்து

குளத்தங்கரை எருமை மந்தைக்கு ஒரு கொக்கு வந்து சேர்ந்தது. யாருக்கு எவ்வளவு கோபம், அது எங்கிருந்து வந்தது என்று அளப்பது அதன் வேலை. பின்னால் நின்று தொடையில் ஒரே இடத்தில் கொத்தும். எத்தனையாவது கொத்தில் உதை விழுகிறது என்று குறித்துக்கொள்ளும்.

கரிச்சி என்ற கன்று நான்காவது கொத்தில் உதைத்தது. பிறந்த மறுநாளே அக்கரை மந்தைக்குப் போய்விட்ட அதன் இரட்டைச் சகோதரியும், கொக்கு அங்கே போய் அளந்தபோது, நான்காவதில்தான் உதைத்தது.

"வளர்ந்த இடம் வேறு, உதை ஒன்று. கோபம் இரத்தத்திலேயே இருக்கிறது. திருந்தாது," என்று கொக்கு மந்தைத் தலைவரான எருமைக்கிடாவிடம் சொன்னது.

"அப்போ இதை மந்தையில வச்சுக்க முடியாது. பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிடலாம்," என்றது கிடா.

"ஐயா, அவர் கொத்திப் புண்ணான இடத்துலயே திரும்பத் திரும்பக் கொத்துறாரு," என்றது கரிச்சி.

"உதைத்தவர்கள் எல்லோரும் ஒரு காரணம் சொல்வார்கள்," என்றது கொக்கு.

கிடா செருமிக்கொண்டது. "என்னையும் ஒரு தடவை அளந்து பாருங்க. நிதானம்னா என்னன்னு இந்தப் பொண்ணு தெரிஞ்சுக்கட்டும்."

கொக்கு பின்னால் போய் நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் அது சேற்றில் கிடந்தது.

கொக்கு எழுந்து இறகை உதறிவிட்டு, குறிப்பில் ஒரு வரி சேர்த்து உரக்கப் படித்தது: 'தலைவர் இந்தக் கன்றுகளுக்கு நெருங்கிய உறவு. இதுவரை சொல்லாமல் மறைத்திருக்கிறார்.'

கரிச்சி நகர்ந்து கிடாவின் பக்கத்தில் போய் நின்றது.

"பொழுது சாயுது பெரியப்பா. நாம ரெண்டு பேரும் எந்தப் பக்கம் போகணும்?"