கதவின் அடிவிளிம்பு

குளியலறைக்கென்று செய்த வேப்பமரக் கதவு ஒன்று இரண்டு முக்காலிகளின் மேல் கிடந்தது. அதன் ஒரு முகத்துக்கு வார்னிஷ் பூசியிருந்தது பிரஷ். மறு முகத்தை ஸ்ப்ரே கன் முடித்திருந்தது. வார்னிஷ் காய்ந்ததும் சண்டை மூண்டது.

"நீங்கள் ஒரு பக்கம் தடவுவதற்குள் நான் நாலு கதவு முடிப்பேன், மீசைக்காரரே," என்றது ஸ்ப்ரே கன்.

"முடிப்பாய். பாதி வார்னிஷைக் காற்றுக்கல்லவா பூசுகிறாய்! நான் மரத்தின் ரேகைக்குள் தேய்த்து இறக்குகிறேன்," என்றது பிரஷ்.

"இறக்கிய இடமெல்லாம் கோடு கோடாகத் தெரிகிறதே!"

கதவு மெல்லக் குறுக்கிட்டது. "என் அடிவிளிம்பு இன்னும் வெறும் மரமாக இருக்கிறது. தச்சர் வந்து மாட்டிவிட்டால் அங்கே யாராலும் எட்ட முடியாது. தினமும் தண்ணீரில் நிற்கப்போகிறவள் நான்."

"ஒடுக்கமான இடம் கைவேலை. அவரைக் கேள்," என்றது ஸ்ப்ரே கன்.

"ஒரு ஊது ஊதினால் ஆயிற்று. அவனைக் கேள்," என்றது பிரஷ்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"யாராவது ஒருவர்! சீக்கிரம்!" என்று கதவு கெஞ்சியது.

"முதலில் நீ சொல். எந்த முகம் அழகு?" என்று இரண்டும் ஒரே குரலில் கேட்டன.

தச்சர் கதவைத் தூக்கிக்கொண்டுபோய்க் கீலில் மாட்டினார். உள்முகமும் வெளிமுகமும் பளபளத்தன. எந்தப் பளபளப்பு உசத்தி என்ற வாதம் வெளியே தொடர்ந்தது.

உள்ளே யாரோ குழாயைத் திறந்தார்கள்.