இன்னும் ரெண்டு விசில்

கோமதிக்குத் தலைவலி நாள் தவறாமல் வரத் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டில் குக்கர் விசில் அடித்ததில்லை. கணவர் ஆவுடையப்பன் வெயிட்டைக் கழற்றிப் பரண்மேல் போட்டுவிட்டு, பானையில் சோறு வடிக்கப் பழகிக்கொண்டார். காலையில் அவள் கண் திறக்கும்போதே தைலப் புட்டியோடு நின்று, “இன்னிக்குத் தல எப்படி இருக்கு?” என்பார். ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றான பிறகு பார்த்த மனநல மருத்துவர், அவரைத்தான் முதலில் பிடித்துக்கொண்டார். “அவங்க மூச்சுப் பயிற்சி செய்யட்டும். நீங்க அந்தக் கேள்விய மட்டும் விட்டுருங்க. நீங்க கேக்கக் கேக்க அவங்க வலியத் தேடிப் பாப்பாங்க.” மருந்து அவளுக்கு, பத்தியம் அவருக்கு. கேள்வி வாய்வரை வரும்; “வெண்டைக்கா வாங்கவா, அவரைக்கா வாங்கவா?” என்று மாற்றிவிடுவார்.

இன்று அவளே அடுக்களைக்கு வந்தாள். “பருப்பு வேகணும். அந்த வெயிட்ட எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?” எடுத்துத் தூசி போகக் கழுவிக் கொடுத்தார். முதல் விசில் வீட்டையே உலுக்கியது. அவள் நெற்றி சுருங்கியது. கண்ணை மூடி மூச்சை மெல்ல இழுத்தாள். கேள்வியை அவர் விழுங்கிவிட்டார், ஆனால் கை தானாக அடுப்பை அணைக்கப் போனது. அவள் கண் திறக்காமலே அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருங்க. இன்னும் ரெண்டு விசில் வரணும்.”